என் பிள்ளையைக் காயப்போட்டவள் நான்

52 கிலோ இருந்த என் மகன் 38 கிலோவுக்கு வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?” எனக்கு வாய் எழவில்லை. நான் போடவில்லைதான். எட்டு மாதம் கஞ்சியே ஊற்றினேன். மற்றதையெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள்; நிறுத்தினேன்.

அவனுக்கு வயது 19. கிரோன் நோய். குடல் புண்ணாகி, வீங்கி, ஆறி, மறுபடி புண்ணாகும் தீராத நோய். முதலில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவந்ததே தவிர வலி போகவில்லை. இரண்டு நோயும் ஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும், பெரிய மருத்துவர்களே திணறுவார்கள் என்று பிறகு அறிந்தேன். அதை மன்னித்துவிட்டேன். என் வயிற்றெரிச்சல் வேறு.

நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகும், அவன் எதைச் சாப்பிட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே! எதைச் சாப்பிடக் கூடாது என்று மட்டும் ஊரே சொன்னது. மருத்துவமனையில் சீட்டின் ஓரத்தில் “காரம், பால், காய்கறி வேண்டாம்” என்று எழுதினார்கள். நாட்டு வைத்தியர் முட்டையையும் மீனையும் நிறுத்தினார், சூடாம். என் மாமியார் பருப்பை நிறுத்தினார், வாயுவாம். கஞ்சியும் ரசம் சோறும் பிரெட்டும்தான் மிஞ்சின. பத்தியம் என்று நம்பி, அவன் தட்டை என் கையாலேயே காலி செய்தேன். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். எடை எவ்வளவு குறைந்தது என்று எங்கும் கேட்கவில்லை.

ஒருநாள் அவன் கால்கள் உப்பியிருந்தன. தேறுகிறான் என்று சாமிக்கு விளக்கேற்றினேன். அது சதை இல்லை. ரத்தத்தில் புரதம் குறைந்து தேங்கிய நீர்.

கடைசியில் ஓர் உணவியல் நிபுணர்தான் எங்களை உட்காரவைத்துப் பேசினார். நோய் கனன்று எரியும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமாம். ஒரு கிண்ணம் கஞ்சியில் இரண்டு, மூன்று கிராம் இருந்தால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு கிராம். அந்த முட்டையைத்தான் நாங்கள் தடுத்தோம். சிறுகுடலின் கடைசிப் பகுதி புண்ணானால் பி12 சத்து உடலில் சரியாகச் சேராமல் போகலாம்; ஊசி தேவைப்படலாம். வீக்கம் இருக்கும்வரை இரும்புச்சத்து மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டிவரும். ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும். கால்சியமும் வைட்டமின் டியும் கூடவே வேண்டும். குடல் சுருங்கி அடைப்பு இருப்பவர்கள்தான் நார்ச்சத்தைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். என் மகனுக்கு அடைப்பே இல்லை. குழந்தைகளின் கிரோன் நோய்க்கு, 6 முதல் 8 வாரம் திரவ ஊட்ட உணவை மட்டும் கொடுத்து நோயைத் தணிப்பதே முதல் சிகிச்சையாக இருக்கிறதாம். உணவே மருந்தாக நிற்கிற நோயில் உணவைப் பற்றிப் பேச உங்களுக்கு நேரமில்லையா டாக்டர்?

இன்று அவன் 44 கிலோ. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, முட்டை, மீன், மசித்த கேரட் எல்லாம் செரிக்கிறது. ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் என் முகத்தைப் பார்க்கிறான்: “இதைச் சாப்பிடலாமாம்மா?” சோற்றைக் கண்டு பயப்பட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பயத்துக்கு எந்த மாத்திரையும் இல்லை.

குடல் நோய்க்குச் சிகிச்சை தருகிறவர்களே, ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். கூடாதவற்றை எழுதும் சீட்டிலேயே கொடுக்க வேண்டியவற்றையும் எழுதுங்கள். என்னைப் போன்ற தாய்மார்களே, ஓர் உணவை நிறுத்தச் சொன்னால், “அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கட்டும்?” என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு என் பிள்ளை 14 கிலோ கொடுத்தான்.