ஸ்பாக்கின் மூளையைத் திருடியது யார்?

போன மாசம் ஒரு கல்யாணத்துல எனக்கும் என் பெரியப்பா பையனுக்கும் சண்டை. சொத்துத் தகராறெல்லாம் இல்லீங்க. 'ஸ்டார் ட்ரெக்' தகராறு. முகூர்த்தம் முடிஞ்சு முதல் பந்தி ஓடிக்கிட்டிருந்தது. அடுத்த பந்திக்கு முண்டியடிக்க மனசில்லாம மண்டபத்து வாசல்ல ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அண்ணனுக்கு அறுபது ஆகப் போகுது, பேத்தி இருக்கா. ஆனா இந்த விஷயத்துல மட்டும் மனுஷன் இன்னும் காலேஜ் பையன்தான்.

"டேய், ரெண்டாவது சீசனோட மூடியிருந்தா கௌரவமா போயிருக்கும்டா. மூணாவதை எடுத்து மானத்தை வாங்கிட்டானுங்க."

டிவிடி வாங்கி வரிசையா பார்த்த நாள்லேர்ந்து அண்ணன் இதே கட்சி. உண்மையைச் சொல்லணும்னா நானும் ரொம்ப வருஷம் அதே கட்சிதான். சமீபத்துல கட்சி மாறிட்டேன். ஏன் மாறினேன்னு வாசல்ல உட்கார்ந்து முழுசா சொல்ல விடல அவர். அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு கொசுவத்தி. எண்பதுகள்ல ஞாயித்துக்கிழமை காலைல தூர்தர்ஷன்ல ஸ்டார் ட்ரெக் வரும். எதிர் வீட்டுல கறுப்பு வெள்ளை டிவி. தரையில உட்கார்ந்து வாய் பொளந்து பார்ப்போம். எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு எழவும் புரியாது, அண்ணன்தான் காதுல மொழிபெயர்ப்பு. அதுல பாதி அவரே சொந்தமா கட்டிவிட்டதுன்னு இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. சிவப்புச் சட்டை போட்ட சிப்பந்தி கிரகத்துல கால் வெச்சா காலின்னு உலகமே ஜோக் அடிக்குமே, எங்களுக்கு அந்த ஜோக் விளங்கவே விளங்காது. எங்க டிவியில எல்லாருமே சாம்பல் சட்டை :-)

நிற்க. தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. அமெரிக்காவுல என்.பி.சி. சேனல்ல 1966 செப்டம்பர்ல ஆரம்பிச்ச தொடர். என்டர்பிரைஸ்னு ஒரு விண்கலம், கேப்டன் கிர்க், காது கூர்மையா இருக்கற ஸ்பாக், எப்பவும் அவரோட மல்லுக்கு நிக்கற டாக்டர் மெக்காய். மூணு சீசன், மொத்தம் 79 எபிசோடு. 1969 ஜூன்ல கடைசி எபிசோடு வந்தது. அதுக்கு அடுத்த மாசம் நிஜமாவே மனுஷன் நிலாவுல இறங்கினான். டைமிங் பாருங்க.

மூணாவது சீசன் மட்டம்ங்கறது உலக ரசிகர்கள் எல்லாருக்கும் வேதவாக்கு. அதுக்கு முதல் சாட்சி அந்த சீசன் ஆரம்பமான எபிசோடு, 'ஸ்பாக்ஸ் பிரெயின்'. ஒரு பொண்ணு கப்பலுக்குள்ள வர்றா, எல்லாரையும் மயங்க வெச்சு ஸ்பாக்கோட மூளையைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடறா. பூமிக்கடியில இருக்கற அவங்க ஊருக்குக் காத்தும் சூடும் விளக்கும் அந்த மூளை வெச்சுத்தான் ஓடணுமாம். மெக்காய் என்ன பண்றார்னா, மூளை இல்லாத ஸ்பாக்கை ரிமோட் வெச்சு பொம்மை கார் மாதிரி நடத்திக்கிட்டே போறார். கடைசில மூளையைத் திரும்ப வைக்கற ஆபரேஷன்ல டாக்டருக்குப் பாதியிலேயே எல்லாம் மறந்து போக, படுத்திருக்கற ஸ்பாக்கே 'இந்த நரம்பை இங்க சேருங்க'ங்கற ரேஞ்சுக்கு வழி சொல்றார். அவ்வ்வ்வ். ஸ்பாக்கா நடிச்ச லெனார்ட் நிமாய், அந்தப் படப்பிடிப்பு பூரா கூச்சமா இருந்ததுன்னு பின்னாடி எழுதியே வெச்சிருக்கார்.

சரி, குற்றவாளி யாரு? ரசிகர்களைக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டு ஒரு பேர் சொல்லுவாங்க. ஃப்ரெட் ஃப்ரைபர்கர். மூணாவது சீசனுக்குப் புதுசா வந்த தயாரிப்பாளர். அதோட விட்டாங்களா? 'ஸ்பேஸ்: 1999'னு பிரிட்டிஷ் விண்வெளித் தொடர் ஒண்ணு, அதோட ரெண்டாவது சீசனுக்கும் இவரைத்தான் கூப்பிட்டாங்க. பழைய புரொபசர் பாத்திரத்தைத் தூக்கிட்டு, நெனச்ச உருவத்துக்கு மாறற மாயான்னு ஒரு பொண்ணைக் கொண்டுவந்தார். அந்த சீசனோட அந்தத் தொடரும் காலி. 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரோட கடைசி சீசன்லயும் இவர் இருந்தார். போதாதா? தொடர்களுக்குக் கொள்ளி வைக்க வர்றவர்னு பட்டமே கட்டிட்டாங்க. அண்ணனும் அதையேதான் சொன்னார். "மூணு தொடர்டா. மூணுமே அந்தாளு கைபட்டுச் செத்துது."

இங்கதான் எனக்கு இடிக்குது.

அந்த மூளைக் கதையை எழுதினவர் யாருன்னு டைட்டில்ல பார்த்தா 'லீ குரோனின்'னு போடும். அது புனைபெயர். நிஜப் பேரு ஜீன் கூன். ட்ரெக் ரசிகர்கள் சாமி மாதிரி கும்பிடற ஆளு! கிளிங்கான்களைப் படைச்சவர் அவர்தான். பாறையைக் கரைச்சுக்கிட்டே போற ஒரு பிராணி தன் முட்டைகளைக் காப்பாத்தப் போராடற 'தி டெவில் இன் த டார்க்' கதை அவரோடது, முதல் சீசன்லயே உருப்படியான பத்து எபிசோடு எடுத்தா அது கண்டிப்பா இருக்கும். அவர் ரெண்டாவது சீசன் நடுவுலயே தயாரிப்பாளர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். வேற ஸ்டூடியோவுல ஒப்பந்தம் இருந்ததால இதுக்கு வேற பேர்ல எழுதினார். மட்டமான எபிசோடை எழுதினவர் கடவுள், அதை எடுத்தவர் மட்டும் சைத்தானா? இது என்ன நியாயம்?

இன்னும் கொஞ்சம் பின்னாடி போவோம். 1967 கடைசில, தொடரை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு. பியோ டிரிம்பிள், அவங்க கணவர் ஜான் டிரிம்பிள்னு ரெண்டு ரசிகர்கள் கிளம்பி நாடு பூரா கடிதம் எழுத வெச்சாங்க. என்.பி.சி.க்கு ஒரு லட்சத்துக்கும் மேல கடிதம் வந்து குவிஞ்சது. கடைசில 1968 மார்ச் 1ஆம் தேதி ஒரு எபிசோடு முடிஞ்ச கையோட 'தொடர் நிக்காது'ன்னு டிவியிலேயே அறிவிச்சாங்க. தயவு செஞ்சு இனிமே கடிதம் போடாதீங்கன்னு கெஞ்சாத குறை.

ஜெயிச்சாச்சுன்னு ரசிகர்கள் கொண்டாடினாங்க. சேனல்காரன் விட்டானா? முதல்ல திங்கக்கிழமை ஏழரை மணி தர்றதா பேச்சு. தொடரைப் படைச்ச ஜீன் ராடன்பெர்ரியும், அந்த நேரம் கிடைச்சா நானே நேர்ல நின்னு தயாரிக்கறேன்னார். ஆனா அதுக்கு அன்னிக்கு சக்கைப்போடு போட்டுக்கிட்டிருந்த 'லாஃப்-இன்' காமெடி நிகழ்ச்சியை நகர்த்தணும். அவங்க ஒத்துக்கல. ஸ்டார் ட்ரெக்கைத் தூக்கி வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போட்டாங்க. பார்க்கற கூட்டமே பள்ளிக்கூட, காலேஜ் பசங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எவன் வீட்டுல உட்கார்ந்திருப்பான்? ராடன்பெர்ரி கோவிச்சுக்கிட்டு ஒதுங்கிட்டார். டைட்டில்ல பேர் மட்டும் ஓடுச்சு. கதை இலாகாவைப் பார்த்துக்கிட்ட டி.சி. ஃபோன்டானாவும் அந்த வேலையிலேர்ந்து விலகிட்டாங்க. போட்ட காசும் குறைஞ்சது. முதல் சீசன்ல எபிசோடுக்கு சுமாரா 1,90,000 டாலர், மூணாவதுல 1,78,000 சொச்சம். நடுவுல நடிகர்கள் சம்பளம் ஏறினதைக் கழிச்சா செட்டுக்கும் வெளிப்புறப் படப்பிடிப்புக்கும் என்ன மிஞ்சும்?

இப்படி ஆளும் போய், காசும் போய், நேரமும் போன வீட்டுக்குத்தான் ஃப்ரைபர்கர் குடி வந்தார்.

இதைப் படிக்கறப்ப எனக்கு என் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. ஒரு புராஜெக்ட், நல்லா வேலை தெரிஞ்ச நாலு பேரும் விட்டுட்டுப் போன பிறகு, கெடு முடிய நாலு மாசம் இருக்கறப்ப என் தலையில வந்து விழுந்தது. அது தேறல. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நடந்ததை யாரும் ஞாபகம் வெச்சுக்கல. இன்னிக்கும் பழைய ஆளுங்க ஒண்ணு சேர்ந்தா அது 'இவன் கவுத்த புராஜெக்ட்'தான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, நானும் சிரிச்சுக்குவேன். நானே இருபது வருஷமா ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷனை அதே மாதிரி சிரிச்சுக்கிட்டே திட்டிக்கிட்டிருந்திருக்கேன்ங்கறது இப்பத்தான் உறைச்சது.

அவர் பக்கமும் தப்பு இல்லாம இல்ல. ஃபோன்டானா, மெக்காயோட வளர்ந்த பொண்ணு ஜோவானான்னு ஒரு கதை எழுதினாங்க. மெக்காயும் கிர்க்கும் ஒரே வயசுக்காரங்க, அவ்வளவு பெரிய பொண்ணு எப்படி இருக்கும்னு ஃப்ரைபர்கர் கேட்டதா அந்தம்மா சொல்லியிருக்காங்க. மெக்காயா நடிச்ச டிஃபாரஸ்ட் கெல்லி, கிர்க்கா நடிச்ச ஷாட்னரைவிட பதினோரு வயசு மூத்தவர்! முகத்தைப் பார்த்தாலே தெரியும். தான் எடுக்கற தொடர்ல யார் யாருன்னே புரிஞ்சுக்கலைங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம். அந்தக் கதை உருமாறி உருமாறி கடைசில விண்வெளி ஹிப்பிகள் கிடார் தட்டிக்கிட்டுப் பாடற 'தி வே டு ஈடன்' ஆச்சு. ஃபோன்டானா தன் பேரையே எடுத்துட்டு வேற பேர் போட்டுக்கிட்டாங்க. மூளைக் கதையை மன்னிச்சாலும் இதை மன்னிக்க மாட்டேன். அந்தப் பாட்டைக் கேட்டீங்கன்னா உங்களுக்கே தெரியும்.

ஆனா காசு இல்லாத கொடுமையே சில எபிசோடுக்கு அழகு குடுத்திருக்கு. 'ஸ்பெக்டர் ஆஃப் த கன்' பாருங்க. பழைய கௌபாய் ஊர் ஒண்ணு வேணும், முழுசா செட் போட முடியல. வீட்டோட முன்பக்கச் சுவர் மட்டும் நிக்கும், பின்னாடி ஒண்ணும் இருக்காது, சிவப்பு வானம். வேற்றுக்கிரக ஆளுங்க கிர்க்கோட மனசுலேர்ந்து அரைகுறையா உருவின ஊர்னு கதை. கெட்ட கனா மாதிரியே இருக்கும். மூளைக் கதை வந்த அடுத்த வாரமே வந்தது 'தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்'. ரோமுலன் கப்பலுக்கு ஒரு பெண் தளபதி, அவங்களை ஸ்பாக் ஏமாத்தற கதை. 'தி தோலியன் வெப்'ல கிர்க் செத்துட்டார்னு நெனச்சு ஸ்பாக்கும் மெக்காயும் அவர் விட்டுப்போன கடைசிச் செய்தியைக் கேக்கற இடம் இருக்கே, அதுக்கு ஈடா முதல் ரெண்டு சீசன்ல ரொம்பக் கொஞ்சம்தான் தேறும்.

எனக்குப் பிடிச்சது 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்'. சூரியன் வெடிக்கப் போற ஒரு கிரகம். ஊர் சனம் பூரா ஒரு நூலகம் வழியா அவங்கவங்க விரும்பின பழைய காலத்துக்குத் தப்பிச்சுப் போயிட்டாங்க. நூலகர் மட்டும் மிச்சம். ஸ்பாக்கும் மெக்காயும் தப்பித்தவறி பனியுகத்துல போய் விழறாங்க. அங்க தனியா கிடக்கற ஒரு பொண்ணுகிட்ட ஸ்பாக் மனசைப் பறிகொடுக்கறார். உணர்ச்சியே காட்டாத மனுஷன் கோவப்படறார், கறி திங்கறார், கிளம்ப மாட்டேங்கறார். இதை எழுதின ஜீன் லிசெட் அரோஸ்ட் தொழில்முறை எழுத்தாளரே கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல நூலகர், ஸ்டார் ட்ரெக் ரசிகை. யாரும் கேக்காமலே கதை அனுப்பினவங்க. அந்த சீசன்ல அவங்க கதை ரெண்டு வந்தது. பெரிய தலைங்க எல்லாம் ஓடிப்போன வீட்டுல, கதவைத் தட்டின ஒரு ரசிகையை உள்ள விட்டதும் இந்த மட்டமான சீசன்தான்.

அப்புறம் அண்ணனோட 'ரெண்டோட மூடியிருக்கணும்' கணக்கு. மூடியிருந்தா மொத்தம் 55 எபிசோடு. ஊருக்கு ஊர் உள்ளூர் சேனல்கள் தினம் ஒண்ணுன்னு மறுஒளிபரப்பு போட ஆரம்பிச்சதாலதான் எழுபதுகள்ல அது விஸ்வரூபம் எடுத்தது. வாரத்துக்கு அஞ்சு வீதம் போட்டா 55ங்கறது பதினோரு வாரத்துல தீர்ந்துடும். எவன் வாங்கியிருப்பான்? 79 இருந்ததால வாங்கினான், திரும்பத் திரும்பப் போட்டான். 1972ல நியூயார்க்ல முதல் பெரிய ரசிகர் மாநாடு நடத்தினப்ப சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்துல மூவாயிரத்துக்கும் மேல வந்தாங்க. அதுக்கப்புறம்தான் படம், அடுத்த தொடர், அதுக்கடுத்த தொடர் எல்லாம். எதிர் வீட்டு டிவிக்கு அது வந்து சேர்ந்ததும் அந்தக் கணக்குல அடக்கம்னு அண்ணன்கிட்ட சொன்னேன். மனுஷன் கொஞ்ச நேரம் பேசல.

ஃப்ரைபர்கர் 2003ல இறந்துட்டார். ரெண்டாம் உலகப் போர்ல விமானத்திலேர்ந்து சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மனிக்காரன் சிறையில ரெண்டு வருஷம் கிடந்த யூதர் அவர். அந்தச் சிறை ரெண்டு வருஷத்துல முடிஞ்சது, ஸ்டார் ட்ரெக் குடுத்த அவஸ்தை பல பத்து வருஷமா முடியலைன்னு சொல்லியிருக்கார். வேடிக்கையாத்தான் சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வரல.

"இவ்வளவு பேசறியே, அந்த மூளை எபிசோடு நல்லாருக்குன்னு உன் வாயால சொல்லு பார்ப்போம்" என்றார் அண்ணன்.

"அது முடியாதுண்ணே."

"அப்ப நான் சொன்னது சரி."

அதுக்குள்ள இலை போட்டாச்சுன்னு அண்ணி வந்து ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பாயசம் வர்ற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கல. கை கழுவற இடத்துல துண்டைத் தேடிக்கிட்டே மெதுவா கேட்டார்: "அந்த லைப்ரரி கதை எந்த டிஸ்க்லடா இருக்கு?"