நெருப்பை மறிக்கும் நுரை

குருநகர்த் துறையில் இறங்கும் மீன், ஐஸ்கட்டிகளுடன் றெஜிபோம் பெட்டிகளில் அடைபட்டு வெளியூர் செல்வதை நாம் அறிவோம். சிறுவனும் ஒற்றைக் கையால் தூக்கத்தக்க அவ்வெறும் பெட்டி, வெயிலின் வெப்பத்தை எங்ஙனம் தடுக்கின்றது? அதன் சுவரிற் பெரும்பகுதி காற்றே. நுண்ணறைகளுள் சிறைப்பட்டு அசையாதிருக்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. பனையோலைக் கூரையின் குளிர்ச்சிக்கும் ஓலைகளிடையே தங்கிய காற்று ஒரு காரணமாகும்.

ஆயினும், றெஜிபோம் நெருப்பை அணுகினால் உருகிவிடும். உலைக்களத்துக்கு ஏற்றது பீங்கான் நுரை. அதனை ஆக்கும் முறைகளுள் ஒன்று மிக எளிது. அலுமினா போன்ற பொருளின் தூளை நீரிற் குழைத்து, அக்கூழிற் செயற்கைப் பஞ்சைத் தோய்த்து, உலர்த்திச் சூளையில் இடுவர். பஞ்சு எரிந்தொழியும், அதன் வடிவில் துளை மலிந்த பீங்கான் எஞ்சும். 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் அது தாங்கும்.

இதற்கு உறவான பொருளொன்று வங்கக் கடலிலே தன் திறத்தைக் காட்டியுள்ளது. 2007 ஜனவரி 10ஆந் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய எஸ்.ஆர்.இ.-1 என்னும் கலம், 22ஆந் திகதி அக்கடலில் நலமே வந்திறங்கியது. வளிமண்டலத்துட் பாய்ந்தபோது மூண்ட வெப்பத்தினின்றும் அதன் உடலைக் காத்தவை, துளை மலிந்த சிலிக்கா ஓடுகளே.

நுரைக்கு இன்னொரு குணத்தையும் ஊட்டலாம். றேடார் அனுப்புபவை, மைக்ரோவேவ் அடுப்பில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்த நுண்ணலைகள். உலோகத்திற் பட்டால் அவை தெறித்து மீளும். சிலிக்கன் காபைட்டு நுரையிலோ, காற்று மிகுதியாதலின் அவை எளிதில் உட்புகும். துளைச் சுவர்களிற் பன்முறை மோதி வலுவிழந்து வெப்பமாய் மாறும். மீளும் அலை குன்றவே, றேடாருக்குப் பொருள் புலப்படாது. போர்விமானத்தை மறைக்க விழைவோர் இதனை ஆராய்வதன் காரணம் இதுவே.

நம் மீனவர்க்கு வேண்டுவதோ இதன் மறுதலை. கண்ணாடியிழைப் படகு றேடாரில் மங்கலாகவே தோன்றும். இருளில் வரும் பெருங்கப்பல் அதனைக் காணாது மோதவுங் கூடும். கம்பத்தில் உயரக் கட்டிய உலோகத் தெறிப்பான் ஒன்று அலையைத் திருப்பியனுப்பி உயிர்காக்கும். மறைவதற்கும் தெரிவதற்கும் விதி ஒன்றே. பள்ளியில் அதனைப் பயிலும் மாணவன், தந்தையின் படகில் அத்தெறிப்பான் உண்டா என இன்றே வினவுவானாயின், கற்றதன் பயன் அதுவேயாம்.