வந்தாறுமூலை: வளாகத்தின் வரலாறு எந்த அடுக்கில்?

மட்டக்களப்பின் வரலாற்றைத் தேடிக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: இந்த வளாகத்தின் வரலாறு எந்த அடுக்கில் இருக்கிறது?

யாழ் நூலகம் எரிக்கப்பட்ட 1981 இல்தான் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1990 செப்டெம்பர் 5 அன்று, இங்கே தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது. அவர்கள் திரும்பவில்லை. பின்னர் பாலகிட்ணர் ஆணைக்குழு சாட்சியங்களைக் கேட்டது.

மிச்ச ஆவணங்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தாய்மாரின் பொலித்தீன் பைகளில் கிடக்கின்றன: முறைப்பாட்டுத் துண்டுகள், செஞ்சிலுவைக் கடிதங்கள், மங்கிய படங்கள்.

அவற்றை வாங்கிச் செல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே ஸ்கேன் செய்து மூலப்பிரதியைத் திருப்பிக் கொடுக்கலாம். யார் பார்க்கலாம் என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும். பல்கலைக்கழகம் இதைத் தாய்மார் உயிரோடிருக்கும்போதே தொடங்க வேண்டும்.