செஞ்சிக்கு ஒரு நாள் டூரா? மலை ஏற விடுவாங்களான்னு முதல்ல கேளுங்க!

செஞ்சி: யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்த பிறகு செஞ்சி கோட்டைக்கு மவுசு கூடிப்போச்சு. 2025 ஜூலையில் பாரிசில் நடந்த கூட்டத்தில் மராட்டியர் காலத்து ராணுவ கோட்டைகள் 12-க்கு உலக பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் உள்ளன. அந்த மாநிலத்துக்கு வெளியே இருப்பது நம்ம செஞ்சி மட்டும்தான்.

பேர் கிடைத்தால் டூர் வேன் வராமல் இருக்குமா? சென்னையில் இருந்தும் புதுச்சேரியில் இருந்தும் செஞ்சி, திருவண்ணாமலை இரண்டையும் ஒரே நாளில் காட்டும் பேக்கேஜுக்கு ஆள் சேர்க்கிறார்கள். போக்குவரத்து, சாப்பாடு, கைடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது பல நாள் கூலி. அந்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்கு போட்டுப் பாருங்க. சென்னையில் இருந்து செஞ்சி சுமார் 160 கிலோ மீட்டர். காலை 6 மணிக்கு கிளம்பினாலும், வழியில் டிபனுக்கு நிறுத்தி வந்து சேர 10 மணி ஆகிவிடும். இங்கிருந்து திருவண்ணாமலை இன்னும் 40 கிலோ மீட்டர். அங்கே தரிசன வரிசை எவ்வளவு நீளம் என்று யாரும் முன்கூட்டி சொல்ல முடியாது. அதனால் வேன்காரர் கோட்டையில்தான் நேரத்தை வெட்டுவார். ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

அந்த நேரத்தில் கல்யாண மகால், தானிய களஞ்சியம், யானைக்குளம் என அடிவாரத்தை ஒரு சுற்று சுற்றலாம். நாலு போட்டோ எடுக்கலாம். அவ்வளவுதான். சுமார் 800 அடி உயர ராஜகிரியை கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு திரும்ப வேண்டியதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறி இறங்கவே 2 முதல் 3 மணி நேரம் வேண்டும். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஏறவும் விடமாட்டார்கள்.

கோட்டையின் உயிரே மேலேதான் இருக்கு. உச்சிக்கு போகும் வழியில் பாறை இரண்டாக பிளந்த மாதிரி ஒரு ஆழமான பள்ளம். அதன் மேல் ஒரு சின்ன பாலம். அந்த காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப்பக்கமே நிற்க வேண்டியதுதான். 1677-ல் சிவாஜி இந்த கோட்டையை பிடித்தார். பின்னால் அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, முகலாய படை 1690-ல் முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-ல்தான். ஏன் அத்தனை வருஷம் ஆச்சு என்பது அந்த பாலத்தில் நின்றால் ஒரு நிமிஷத்தில் புரியும். அடிவாரத்தில் எத்தனை சொன்னாலும் புரியாது.

அடுத்தது கைடு விஷயம். வெளியூர் வேனோடு வரும் கைடு பலர் தேசிங்கு ராஜா கதையை சொல்லி முடித்துவிடுவார்கள். நீலவேணி குதிரை, நண்பன் மோவுத்துக்காரன் என்று கதை சுவையாத்தான் இருக்கும். அதை கேட்காமல் செஞ்சியை விட்டு யார் போவாங்க? ஆனால் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714-ல் உயிர் விட்ட அந்த இளைஞன் கோட்டையை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. கோன் வம்சம், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று கை மாறிய கோட்டை இது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையை சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியில் இருந்து போனவை. புதுச்சேரியில் இருந்து வரும் வேனில் இதை சொல்லாத கைடுக்கு எதற்கு காசு?

எனவே பணம் கட்டும் முன் கேளுங்க: கோட்டையில் எத்தனை மணி நேரம்? ராஜகிரி ஏற விடுவீங்களா? கைடு எந்த ஊர், அரசு அங்கீகார அட்டை இருக்கா? பதில் மழுப்பலா வந்தால் விட்டுவிடலாம்.

முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இந்த பேக்கேஜ் பரவாயில்லை. அடிவாரத்தை நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஓரளவு நடக்க முடிந்தால், சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கிருஷ்ணகிரியில், ஊர்க்காரங்க சொல்ற ராணிக்கோட்டையில், ஏறலாம். அது ராஜகிரியை விட சுலபம்.

மலை ஏறியே தீருவோம் என்பவர்களுக்கு அரசு பஸ்சே போதும். கிளாம்பாக்கத்தில் இருந்து செஞ்சி வழியாக திருவண்ணாமலைக்கு பஸ் இருக்கு. முதல் நாள் ராத்திரியே வந்து தங்கினால் வெயிலுக்கு முன் ஏறலாம். கோட்டைக்கு 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. மிச்சமாகும் காசில் உள்ளூரில் விவரம் தெரிந்த ஒருவரை கூட்டிக்கொண்டு போகலாம். வேனில் வந்து வேனிலேயே போகிறவர்களால் செஞ்சி டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. ராத்திரி தங்குகிறவர்களால் அந்த காசு ஊருக்குள் நிற்கும்.

மேலே கடை கிடையாது. தண்ணீர் பாட்டிலை கீழேயே வாங்கிக்கணும். சாப்பாட்டு பையை கையில் தொங்க விடாதீங்க, குரங்குகள் பிடுங்கிவிடும்.