மதிகேடன் யார்?

உலகத்தின் ஞானம் தேவனுடைய கண்ணுக்குப் பைத்தியமாகத் தெரிகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 3:19). இந்த ஒரு வசனத்தைப் போல வசதியான வசனம் வேறு இல்லை! மத்தேயுவும் லூக்காவும் எழுதிய வம்ச வரலாறுகள் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பையன் கேட்டால், உடனே இந்த வசனம் வரும். மேற்படிப்புக்குப் போகிறவனிடம், அதிகம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று சொல்லவும் இதே வசனம்தான். அதற்கும் மேலே சந்தேகம் எழுப்பினால் இருக்கவே இருக்கிறது 14-ஆம் சங்கீதம். மதிகேடன் என்று முத்திரை குத்திவிட்டால் பேச்சு முடிந்தது.

ஆனால் வேதாகமம் யாரை மதிகேடன் என்கிறது? அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

14-ஆம் சங்கீதத்தில் மதிகேடனைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'நாபால்'. இதே சொல்லைப் பெயராகவே கொண்ட ஒருவன் 1 சாமுவேல் 25-இல் வருகிறான். அவன் படிக்காதவனும் அல்ல, கேள்வி கேட்டவனும் அல்ல. 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் வைத்திருந்த பெரிய பணக்காரன். அவனுடைய மேய்ப்பர்களுக்கு வனாந்தரத்தில் இரவும் பகலும் மதிலைப் போலக் காவல் இருந்தவர்கள் தாவீதின் ஆட்கள். மயிர் கத்தரிப்பு விருந்து நாளில் அவர்கள் வந்து கொஞ்சம் உணவு கேட்டபோது, தாவீது யார் என்று ஏளனம் செய்து அனுப்பிவிட்டான். வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், சொத்துப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு, கொடுபட வேண்டிய செலவை மறைத்த கணக்கு அது. அந்த வீட்டைக் காப்பாற்றியது அவன் மனைவி அபிகாயிலின் புத்தி. 200 அப்பங்களையும் மற்ற உணவுகளையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போய், கோபத்தோடு 400 பேரைக் கூட்டி வந்த தாவீதைச் சமாதானப்படுத்தினாள். எதிரே வாளோடு நின்றவனிடம் அவள் நியாயம் பேசினாள். அவனும் கேட்டான். ஞானம் என்று வேதாகமம் சொல்வது இதைத்தான்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தாலும் கதை மாறவில்லை. லூக்கா 12-இல் இயேசு சொன்ன உவமையில், தேவனே நேரடியாக மதிகேடன் என்று அழைக்கும் மனிதன் யார்? நல்ல விளைச்சல் கண்டு, பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவன். திட்டம் போட்டது அவன் குற்றம் அல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று அதே இயேசுதான் இரண்டு அதிகாரம் தள்ளிக் கேட்கிறார். அப்படியானால் தவறு எங்கே? அவன் பேச்சில் எல்லாமே 'என்', 'எனக்கு'. என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா... பக்கத்து வீட்டுக்காரன் அதில் இல்லை. கடை என்றைக்கும் நடக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கு எழுதலாம். உயிருக்கு அந்தக் கணக்கு செல்லாது. அன்று இரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது.

இப்போது மறுபடியும் 14-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். தேவன் இல்லை என்று அந்த மதிகேடன் சொல்வது வாயால் அல்ல, இருதயத்தில். வாய் ஜெபம் செய்துகொண்டிருக்கலாம்! அதே சங்கீதத்தின் 4-ஆம் வசனம், அக்கிரமக்காரர்கள் ஜனங்களை அப்பம் தின்பதுபோல் தின்கிறார்கள் என்று புலம்புகிறது. கணக்குக் கேட்க மேலே ஒருவர் இல்லை என்பதுபோல் நடக்கிறவனைப் பற்றிய சங்கீதம் அது. நேர்மையாகச் சந்தேகப்படும் மாணவனை அடிக்கும் பிரம்பு அல்ல.

சரி, பவுலின் வசனம்? கொரிந்து இரண்டு துறைமுகங்கள் கொண்ட பணக்கார வியாபார நகரம். அங்கிருந்த சபை பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்று பிரிந்து, எங்கள் ஆள்தான் பெரியவர் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தது. ஒருவரும் மனிதரைக் குறித்து மேன்மை பாராட்டக் கூடாது என்று அந்த வசனத்துக்குப் பிறகு பவுல் எழுதியதன் காரணம் இதுவே. அவர் கண்டித்தது பெருமையை, படிப்பை அல்ல. அவரே கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் தேறியவர் என்கிறது அப்போஸ்தலர் 7. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றவர். படிப்பு விசுவாசத்தைக் கெடுக்கும் என்றால் இந்த மூவரையும் எங்கே வைப்பது?

கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் அல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ஆரம்பம் என்றால் அங்கிருந்து நடக்க வேண்டும் என்று பொருள். அஸ்திபாரம் போட்டுவிட்டு, இனி வீடு வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

பரத்திலிருந்து வருகிற ஞானம் எப்படி இருக்கும் என்பதை யாக்கோபு 3:17 வரிசையாகச் சொல்கிறது. அது சமாதானமும் சாந்தமும் உள்ளது, பிறர் சொல்வதற்கு இணங்கக்கூடியது, இரக்கம் நிறைந்தது. கேள்வி கேட்டவனை அவமானப்படுத்தி உட்கார வைப்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

கடைசியாக ஒன்று. மலைப்பிரசங்கத்தில், சகோதரனை மூடன் என்று அழைக்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாவான் என்று இயேசு எச்சரித்தார் (மத்தேயு 5:22). மதிகேடன் என்ற முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் அடுத்த முறை குத்துவதற்கு முன் இந்த வசனத்தையும் ஒருமுறை வாசிப்பது நல்லது.