பூசை மணிக்கு முன்னே



ஆண்டவர் தம் இறுதிப் பாஸ்கா விருந்துக்கு அமருமுன், இராயப்பரையும் அருளப்பரையும் முன்னதாக அனுப்பி, மேல்மாடி அறையை ஆயத்தம் செய்யப் பணித்தார் என்று லூக்காஸ் நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அப்போஸ்தலருள் முதன்மையான இருவர் செய்த அந்த அலுவலைத்தான் இன்று நம் கோயிற்பிள்ளை செய்து வருகிறார். ஆயினும் அவரை நாம் எவ்வளவு நினைக்கிறோம்?

சீர்காழிச் சுற்றுவட்டாரத்தில் நாம் பணியாற்றும் பங்கில், ஊதியமின்றிப் பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்துவரும் முதியவர் ஒருவர் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று நவம்பர் 22, புனித செசிலியம்மாள் திருநாள். காலையில் மணி ஒலிக்கவில்லை. வேதசாட்சிக்குரிய சிவப்பு உடுப்பு நமக்குக் கிடைக்கவில்லை. ஈரக்காற்றில் ஓஸ்திகள் துவண்டிருந்தன. நற்கருணைப் பேழையின் திறவுகோல் இருக்குமிடமும் நமக்குத் தெரியவில்லை. அத்திறவுகோல் கருத்தாய்க் காக்கப்படுவதைப் பார்த்துக்கொள்வது, திருச்சபைச் சட்டப்படி, கோயிலின் பொறுப்பாளராகிய நமது கடமை. அதையும் அந்த முதியவர் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாய் இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பூசை முடிந்து அவர் வீட்டுக்குச் சென்றோம். எழ முயன்றவரைத் தடுத்தோம். “சாமி, சிவப்பு உடுப்பு மூன்றாம் தட்டில், வேப்பிலைக்கு அடியில் இருக்கிறதே” என்றார். நாம் எதைத் தேடியிருப்போம் என்பதைப் படுக்கையிலிருந்தே அறிந்திருந்தார்.

கோயிற்பிள்ளையின் கடமைகள் யாவை? திருவழிபாட்டு நூல்களையும் திருவுடைகளையும் பிற பொருள்களையும் ஒழுங்குசெய்யும் இப்பணியை, உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிமுறை 105ஆம் எண்ணில் தனியே குறிப்பிடுகிறது. அன்றைய திருநாள் எது, நிறம் எது, வாசகம் எது என்பதை அவர் முந்தின மாலையே பார்த்து வைக்க வேண்டும். அப்பம் கலப்பற்ற கோதுமையால் அண்மையில் செய்யப்பட்டதாயும், இரசம் கெடாத திராட்சை இரசமாயும் இருக்க வேண்டுமென்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி. ஐப்பசி, கார்த்திகையில் நம் காவிரிக் கரையோரத்தில் உப்பே கசிந்து நீராகும்போது, ஓஸ்தியைக் காப்பது எளிதன்று. காற்றுப் புகாத டப்பாவில் சிறிது சிறிதாக வாங்கி வைப்பதே வழி.

பீடத்துத் துகில்களை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல் ஆகாது. நற்கருணையின் சிறு துகளும் அவற்றில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், முதலில் கையால் அலசிய நீரைச் சாக்கடையில் விடாமல், கால் மிதிபடாத தூய மண்ணில் ஊற்ற வேண்டும். நற்கருணை விளக்கு இரவும் பகலும் அணையாதிருக்க வேண்டும். திருக்கிண்ணத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்கு மட்டும் அவருடையதன்று. அதைக் குருவோ, திருத்தொண்டரோ, முறைப்படி நியமனம் பெற்ற பீடப்பணியாளரோ செய்வர்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று இம்முதியவர் முழங்கால் நீரில் நடந்து வந்து, கீழ்த்தட்டுத் திருவுடைகளையும் நூல்களையும் தனியொருவராய் மேலே ஏற்றினார். அதற்குள் அவர் வீட்டில் குறுவை நெல் மூட்டைகள் நனைந்துவிட்டன. “நெல்லைக் காயவைத்துக்கொள்ளலாம், சாமி” என்றார். அன்று அதை நாம் தியாகம் என்று மெச்சினோம். இன்று எண்ணிப் பார்த்தால், அவருடைய தியாகத்தோடு நமது குற்றமும் அதில் தெரிகிறது. ஒரு பங்கு முழுவதும் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு முதியவரின் தோளில் விட்டிருந்தோம்.

எனவே குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வாரத்துக்கு ஒரு குடும்பமாக முறைவைத்து இப்பணியில் பங்குகொள்ளுங்கள். துகில்களைத் துவைத்து மடிக்க ஒருவர், பூக்களையும் மெழுகுதிரிகளையும் கவனிக்க ஒருவர், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞர் எனப் பிரித்துக்கொள்ளலாம். ஆணோ பெண்ணோ, பக்தியும் பொறுமையும் நாவடக்கமும் இருந்தால் போதும். பூசைக்கு முன் உடுப்பறை ஊர்க்கதை பேசும் இடமன்று. திறவுகோல் கையிலிருப்பது அதிகாரம் செலுத்துவதற்கன்று. மற்றவை எல்லாவற்றையும் அந்தப் பெரியவர் உடனிருந்து கற்றுத் தருவார். அவர் கண்ணும் காலும் நலமாயிருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

நாமும் அவரிடம் கற்கத் தொடங்கியிருக்கிறோம். திறவுகோல் இப்போது நம் பொறுப்பில் இருக்கிறது. சிவப்பு உடுப்பு எந்தத் தட்டில் இருக்கிறதென்பதும் தெரியும்.

ஆண்டவருடைய பந்தியை ஆயத்தம் செய்யும் கைகளை அவரே ஆசீர்வதிப்பாராக.