"எல்லா வண்டிக்கும் சேரும்" என்பது பொய்க்கணக்கு



அப்பா ஓட்டிய பழைய டிராக்டருக்குச் செகண்ட் ஹேண்ட் ரோட்டவேட்டர் தேடுபவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். நல்ல காரியம். ஓடுகிற வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளச் சொல்பவன் நான் இல்லை. ஆனால் விற்பவர்கள் வாயில் ஒரு வசனம் இருக்கிறது: "எல்லா வண்டிக்கும் சேரும் சார்."

சேராது. அளந்து பாருங்கள். கீழ் லிங்க் பின், சிறிய வகையில் 22 மி.மீ.; பெரிய வகையில் 28 மி.மீ. சிறியது பெரிய ஓட்டையில் ஆடும், புஷ் போட வேண்டும். பெரியது சிறிய ஓட்டையில் நுழையவே நுழையாது. பி.டி.ஓ. ஷாஃப்டில் பல் ஆறுதானா என்று எண்ணுங்கள். எச்.பி.க்கு மீறிய அகலம் என்றால் இன்ஜின் திணறும். டயர் தடத்தைவிடக் குறுகினால் தடம் உழாமல் கிடக்கும்.

"ஷாஃப்டை அறுத்து, வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்பார்கள். அளக்காமல் குட்டையாக அறுத்தால், மேட்டில் ஏறும்போது இரண்டு குழாயும் கழன்றுவிடும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. மூடியில்லாத ஷாஃப்டில் வேட்டி நுனி சிக்கினால், "நிறுத்து" என்று கத்தக்கூட நேரமிருக்காது.

"விலை குறைவுதானே சார்?" என்று கேட்காதீர்கள். கை காலுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் இல்லை.

டேப்போடு போங்கள். உங்கள் வண்டியில் மாட்டி, ஓட்டிக் காட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.